கோர்ட் கேஸ் பாக்குற அட்டர்னியோட பின்னணியை எப்படி எடை போடுறது? (டர்பன்)

ஃபீனிக்ஸ்_கடை

வணக்கம். தென்னாப்பிரிக்கால டர்பன், மாரிட்ஸ்பர்க் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. ஃபீனிக்ஸ்ல வாடகைக் கட்டடத்துல புடவைக்கடை வச்சிருக்கேன், பூஜை சாமானும் உண்டு. மழையில கூரை ஒழுகி பின்கட்டுல அடுக்கி வச்சிருந்த பட்டுப்புடவை பூரா நாசம், காவடி சீசனுக்குன்னு மெட்ராஸ்லேருந்து வரவழைச்ச சரக்கு. கட்டட ஓனருக்கு ஈமெயில் மேல ஈமெயில் போட்டும் கூரையைத் தொடல, அதனால வாடகையை நிறுத்தி வச்சேன், இப்ப பாக்கி வட்டி எல்லாம் சேத்து 3,10,000 ராண்ட் குடுன்னு நிக்கிறார்.

மூணு அட்டர்னி (வக்கீல்) பேர் கையில இருக்கு. ஒருத்தர் 25 வருஷ அனுபவம், லிட்டிகேஷன் (கோர்ட் வழக்கு), கன்வேயன்சிங், உயில், எஸ்டேட் (இறந்தவங்க சொத்து) எல்லாம் பண்ணுவோம்னு வெப்சைட்ல போட்டிருக்கார், ஆஃபீஸ் உம்ஹ்லாங்கால பளபளன்னு இருக்கு. இன்னொருத்தர் பல வருஷம் அரசாங்க பிராசிக்யூட்டரா (கிரிமினல் கேஸ்ல அரசாங்கத்துக்காக வாதாடுறவர்) இருந்துட்டு தனியா வந்தவர். மூணாவது ஒரு அம்மா, அவங்க ப்ராக்டீஸ் ஆரம்பிச்சு 9 வருஷம்தான் ஆகுது, முன்னாடி இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக கேஸ் நடத்துற ஆஃபீஸ்ல இருந்தாங்களாம். மூணு பேருமே "எக்ஸ்பீரியன்ஸ்டு லிட்டிகேட்டர்"னுதான் போட்டிருக்காங்க. இதுல எதைப் பாத்து முடிவு பண்றது?

சாண்ட்டன்_ஐடி

இதுல யோசிக்க என்ன இருக்கு ப்ரோ, 25 வருஷம் தான். அவ்வளவு நாள் ஃபீல்டுல நின்னவருக்கு எல்லா ஜட்ஜையும் தெரிஞ்சிருக்கும். கூகிள் ரிவ்யூவும் பாத்துக்கோங்க.

கோர்ட்_ஃபைல்_அக்கா

தம்பி, நான் டர்பன்ல ஒரு அட்டர்னி ஆஃபீஸ்ல லிட்டிகேஷன் செக்ரட்டரி. சம்மன்ஸ் டைப் பண்றது, ஷெரிஃபுக்கு (கோர்ட் பேப்பரைக் கொண்டுபோய்க் குடுக்கிற அதிகாரி) அனுப்புறது, ஃபைலை வரிசைப்படுத்தி பக்க நம்பர் போட்டு சோம்சூ ரோடு கோர்ட்ல கொண்டுபோய் ஸ்டாம்ப் வாங்குறது, இதுதான் என் பொழப்பு, அதனால சொல்றேன்.

25 வருஷம்ங்கிற ஒரே நம்பரை வச்சு ஒண்ணும் தெரியாது. அந்த 25 வருஷமும் அவர் கை எதுல ஓடுச்சுன்னு கேக்கணும். கன்வேயன்சிங்ன்னா வீடு நிலம் பேர் மாத்துற வேலை, அட்டர்னி ஆனதுக்கு அப்புறம் அதுக்குன்னு தனிப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணணும், நோட்டரிக்கும் அப்படியே. கஷ்டமான பரீட்சைதான், மரியாதைக்குரிய வேலைதான், ஆனா அந்த ஆஃபீஸுக்கு மாசாமாசம் காசு வர்ற இடம் டீட்ஸ் ஆஃபீஸ் (பத்திரப் பதிவு ஆஃபீஸ்), கோர்ட் இல்ல. அந்த மாதிரி ஆஃபீஸ்ல லிட்டிகேஷன்னா பாதி நேரம் கடன் வசூல் லெட்டர் தான். எதிர்த்து நிக்கிற கேஸ் வந்தா சின்னப் பையன் ஒருத்தன் கைக்கு ஃபைல் போயிரும், உங்ககிட்ட பேசின பெரியவர் அதைத் தொடவே மாட்டார்.

அதனால மொத மீட்டிங்ல நேராக் கேளுங்க: "என் ஃபைலை தினமும் யார் கையாளப் போறாங்க, அவங்க கடைசியா எந்தக் கோர்ட்ல ட்ரையல் (சாட்சி விசாரணை) முழுசா நடத்தினாங்க, அது எதைப் பத்தின கேஸ்?" இதுக்கு வர்ற பதில்லயே பாதி தெரிஞ்சுரும். நெசமா நடத்தினவங்க உடனே சொல்லுவாங்க, பேரைச் சொல்ல மாட்டாங்க, ஆனா விஷயத்தைச் சொல்லுவாங்க.

ஃபீனிக்ஸ்_கடை

அக்கா ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், கோர்ட்ல நின்னு பேசுறது அட்வகேட்தானே, அட்டர்னி பேசுவாரா? நேரா அட்வகேட்கிட்டயே போயிட்டா என்ன?

ஆர்ட்டிகிள்ஸ்_சாட்ஸ்வொர்த்

வணக்கம் அண்ணா. நான் கேண்டிடேட் அட்டர்னி, அதாவது அட்டர்னி ஆகப் பயிற்சில இருக்கேன், ரெண்டாவது வருஷம் நடக்குது. என் தமிழ் கோயில் வகுப்புல படிச்ச தமிழ்தான், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

இந்த நாட்டுல வக்கீல் தொழில் ரெண்டா பிரிஞ்சு இருக்கு. அட்டர்னிதான் கட்சிக்காரரை நேரா பாக்குறவர், காசை டிரஸ்ட் அக்கவுண்ட்ல (கட்சிக்காரர் காசைத் தனியா வைக்கிற கணக்கு) வாங்குறவர், ஃபைலை முதல்லேருந்து கடைசி வரைக்கும் நடத்துறவர். அட்வகேட் வழக்கமா அட்டர்னி குடுக்கிற பிரீஃப்லதான் (எழுத்துல குடுக்கிற கேஸ் விவரம்) வருவார். 2018 நவம்பர்ல லீகல் ப்ராக்டீஸ் ஆக்ட் நடைமுறைக்கு வந்ததுக்கப்புறம் டிரஸ்ட் அக்கவுண்ட் வச்சிருக்கிற அட்வகேட் நேராவே பொதுமக்கள்கிட்ட கேஸ் வாங்கலாம், ஆனா எல்லா அட்வகேட்டும் அப்படி இல்ல.

பேசுற உரிமைன்னு பாத்தா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல எந்த அட்டர்னியும் நின்னு பேசலாம். ஹை கோர்ட்ல பேச தனியா சர்டிஃபிகேட் வாங்கணும், மூணு வருஷம் விடாம ப்ராக்டீஸ் பண்ணியிருந்தா அதுக்கு அப்ளை பண்ணலாம். உங்க தொகை 3,10,000 ராண்ட், அதாவது 2,00,000க்கு மேல 4,00,000க்குள்ள, இந்த மாதிரி தொகை ரீஜினல் கோர்ட்டுக்குத்தான் (மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லயே மேல் படி) பொருத்தம். அங்க உங்க அட்டர்னியே எழுந்து சாட்சியைக் கேக்கலாம், அட்வகேட் செலவு இல்லாமலே முடியும், ஆனா அதுக்கு அவர் நெசமாவே எழுந்து நின்னு பழகினவரா இருக்கணும். அங்கதான் பின்னணி முக்கியம்.

எங்க படிப்பு எல்எல்பி நாலு வருஷம், அப்புறம் ஒரு பிரின்சிபல்கிட்ட (பயிற்சி குடுக்கிற சீனியர் அட்டர்னி) ரெண்டு வருஷம் ட்ரெய்னிங், அதைத்தான் எல்லாரும் இன்னும் ஆர்ட்டிகிள்ஸ்னு சொல்றோம். நாலு பேப்பர் பரீட்சை: கோர்ட் நடைமுறை, உயிலும் எஸ்டேட்டும், தொழில் நடத்தையும் கான்ட்ராக்டும், கடைசியா கணக்குப் புத்தகம். நாலும் எல்லாருக்கும் ஒண்ணுதான், அதனால சர்டிஃபிகேட்டைப் பாத்து வித்தியாசம் தெரியாது. அந்த ரெண்டு வருஷம் யார்கிட்ட இருந்தோம்ங்கிறதுலதான் வித்தியாசம். என் கூட படிச்ச ஒருத்தி பெரிய ஆஃபீஸ்ல இருக்கா, நல்ல சம்பளம், ஆனா இன்னும் ஒரு தடவை கூட மாஜிஸ்ட்ரேட் முன்னாடி எழுந்து நிக்கல, டாக்குமென்ட் ரூம்லயே வருஷம் ஓடுது. என் பிரின்சிபல் சின்ன ஆஃபீஸ், சேர்ந்த கொஞ்ச நாள்லயே என்னை வெருலம் கோர்ட்டுக்கு ஒரு போஸ்ட்போன்மென்டுக்கு (வாய்தா கேக்க) அனுப்பிட்டாங்க, கால் நடுங்கிச்சு, ஆனா பழகிட்டேன்.

வெருலம்_தாத்தா

பேத்தி சொன்னது சரி. நான் ரிட்டயர் ஆனவன், கோர்ட்ல இன்டர்பிரெட்டரா இருந்தவன். சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்துல நின்னு எத்தனையோ வக்கீல்களைப் பாத்தாச்சு.

எனக்குப் பிடிச்ச வக்கீல்கள்ல பாதிப்பேர் மொதல்ல வேற வேலை பாத்தவங்க. நம்ம ஊர்லயே பாருங்க, பயஸ் லாங்கா, பள்ளிக்கூடம் படிக்கக் காசில்லாம சட்டை தைக்கிற ஃபேக்டரில வேலை பாத்தவர், அப்புறம் 1960ல நீதித்துறைல மெசஞ்சரா இன்டர்பிரெட்டரா சேந்து, யூனிசால (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) தபால் வழியா படிச்சு, பிராசிக்யூட்டர், மாஜிஸ்ட்ரேட்னு மேல வந்து, 1977ல டர்பன்ல அட்வகேட் ஆனார். 2005ல இந்த நாட்டுக்கே சீஃப் ஜஸ்டிஸ். டர்பன் ஸ்கூல்ல நம்ம தமிழ்ப் பொண்ணு மூக்குத்தி போட்டதுக்குத் தடை போட்டாங்களே, அந்தப் பிள்ளை கேஸ்ல 2007ல கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் தீர்ப்பு எழுதினவர் அவர்தான். அந்தப் பொண்ணுக்கு மூக்குத்தி வெறும் அலங்காரம் இல்ல, குடும்ப வழக்கம்னு ஏத்துக்கிட்டு, ஸ்கூல் விதிவிலக்கு குடுத்திருக்கணும்னு சொன்னார். வருஷக்கணக்கா கூண்டுக்குப் பக்கத்துல நின்னு ஏழை ஜனங்க பேசுறதைக் கேட்ட மனுஷன், அடுத்த வீட்டு வழக்கத்தை மதிக்கத் தெரியாம இருக்குமா?

விக்டோரியா ம்க்ஸெங்கேவை எடுத்துக்கோங்க. நர்ஸ், மிட்வைஃப், உம்லாஸில கம்யூனிட்டி நர்ஸா வேலை பாத்தவங்க. புருஷன் கிரிஃபித்ஸ் அட்டர்னி, அவர் ஆஃபீஸ்ல சேந்து படிச்சு அட்டர்னி ஆனாங்க. 1981ல அவரைக் கொன்னுட்டாங்க. அந்தம்மா ஆஃபீஸை மூடல, தனியா நடத்தினாங்க. மாரிட்ஸ்பர்க் தேசத்துரோகக் கேஸ்ல டிஃபென்ஸ் டீம்ல இருந்தப்போ, 1985 ஆகஸ்ட்ல வீட்டு வாசல்லயே அவங்களையும் கொன்னாங்க. உடம்புல விழுந்த அடியைப் பாத்து இது எப்படி விழுந்ததுன்னு கேக்குற கண்ணு நர்ஸா இருந்தவங்களுக்கு இருக்கும்.

சாண்ட்டன்_ஐடி

ஐயா அது எல்லாம் பெரிய சரித்திரம், மரியாதை இருக்கு. ஆனா ஒரு கூரை ஒழுகின கேஸுக்கு அவ்வளவு ஆராய்ச்சி வேணுமா? நல்ல ரேட்டிங் இருக்கிற ஆஃபீஸ் போதாதா?

கோர்ட்_ஃபைல்_அக்கா

வேணும் தம்பி. கூரை ஒழுகின கேஸ்லதான் ரொம்ப வேணும், ஏன்னா தொகை சின்னது, தப்பா ஆள் எடுத்தா செலவே தொகையைத் தின்னுரும்.

கடைக்காரத் தம்பி, உங்க கேஸ்ல எது அடிபடும்னு சொல்றேன். கடை வாடகை ஒப்பந்தத்துல வழக்கமா ரெண்டு கிளாஸ் (ஷரத்து) இருக்கும், ஒண்ணு வாடகைல எதையும் கழிக்கக்கூடாது பிடிக்கக்கூடாதுன்னு, ரெண்டாவது தண்ணி ஒழுகி சரக்கு கெட்டா ஓனர் பொறுப்பில்லன்னு. உங்க ஒப்பந்தத்துலயும் இருக்கான்னு தேடுங்க. இருந்தா அட்டர்னி முன்னாடி அதை வச்சுட்டு வாயை மூடிக்கிட்டு உக்காருங்க. பழகின ஆளா இருந்தா உங்க கடை பிசினஸ் சைஸ் என்ன, வருஷ டர்ன்ஓவர் என்னன்னு கேப்பார், கன்ஸ்யூமர் புரொடெக்‌ஷன் ஆக்ட் (நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்) உள்ள வருமான்னு பாக்குறதுக்கு. கையெழுத்து வாங்கும்போது அந்தக் கிளாஸை யாராவது காட்டி விளக்கினாங்களா, கூரை ரிப்பேர் யார் பொறுப்புன்னு வேற எந்தப் பக்கத்துல எழுதியிருக்குன்னு கேப்பார். இதெல்லாம் கேக்காம "கவலைப்படாதீங்க ஜெயிச்சிரலாம்"னு சொன்னா எழுந்து வந்துருங்க.

அந்த இன்ஷூரன்ஸ் பின்னணி அம்மாவை லேசா எடுத்துக்காதீங்க. இன்ஷூரன்ஸ் பக்கம் வேலை பாத்தவங்க நஷ்டக் கணக்கை உடைச்சுப் பழகினவங்க, அதனால உங்க கணக்கை எதிராளி எங்க உடைப்பான்னு அவங்களுக்கு முன்கூட்டியே தெரியும். எங்க ஆஃபீஸ்ல ஒரு சரக்கு நஷ்டக் கேஸ் வந்துச்சு, பேர் ஊர் வேண்டாம். கடைக்காரர் நனைஞ்ச சரக்கை எல்லாம் ஃபோன்ல நல்லா ஃபோட்டோ எடுத்து வச்சிருந்தார். எங்க அட்டர்னி, அவரும் இன்ஷூரன்ஸ் பக்கம் இருந்து வந்தவர்தான், ஃபோட்டோவை ஓரமா வச்சுட்டு மொதல்ல கேட்டது இறக்குமதி பேப்பர், எஸ்ஏடி 500 ஃபாரம் (கஸ்டம்ஸ்ல குடுக்கிற சரக்கு அறிக்கை), சப்ளையர் இன்வாய்ஸ், பேங்க்ல பணம் போன ரசீது. விக்கிற விலைல நஷ்டம் கேட்டா மாஜிஸ்ட்ரேட் ஏத்துக்க மாட்டார், வாங்கின விலை, கஸ்டம்ஸ்ல காட்டின விலை, ரெண்டும் ஒத்துப் போகுதான்னு எதிராளி தோண்டுவான்னு சொன்னார். அப்புறம் ஒரு பண்டலைப் பிரிச்சு, நனையாத புடவை எது, ஓரம் மட்டும் கறை பட்டது எது, முழுக்க போனது எதுன்னு மூணு குவியலா பிரிக்க வச்சு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் சீட்டு கட்டி மறுபடி படம் எடுக்கச் சொன்னார். கடைக்காரருக்கு முகம் சுருங்கிப் போச்சு, ஆனா அந்த லிஸ்டை அனுப்பினதுக்கப்புறம்தான் எதிர் பக்கம் செட்டில்மென்ட் பேச வந்தாங்க.

யாழ்_பிரிட்டோரியா

நான் இலங்கை ஆள், பிரிட்டோரியாவிலை இருக்கிறன். அனுபவம் எண்ட சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுது. மனுசிக்கு கார் விபத்து, ரோட் ஆக்சிடென்ட் ஃபண்ட் (வாகன விபத்திலை அடிபட்டவைக்கு நட்டஈடு குடுக்கிற அரசாங்க நிதி) கேஸ், விளம்பரத்திலை பெரிய எழுத்திலை அனுபவம் எண்டு போட்ட ஒரு ஆஃபீஸுக்குப் போனனாங்கள், பேர் சொல்ல விரும்பேல்லை. ஃபைல் மூண்டு பேர் கை மாறிச்சு, ஒவ்வொருத்தரும் திரும்ப முதல்லேருந்து கதை கேட்டினம். இடிச்ச வாகனம் நிக்காமல் ஓடினபடியால் ரெண்டு வருசத்துக்குள்ளை க்ளெய்ம் லாட்ஜ் பண்ணவேணும், ஓட்டினவரைத் தெரிஞ்சால் மூண்டு வருசம், அந்த வித்தியாசத்தையே அங்கை இருந்த தம்பி கவனிக்கேல்லை. கடைசி நேரத்திலை வேறை ஒரு அட்டர்னி அம்மாதான் காப்பாத்தினவா. அவ முந்தி ஃபண்ட் பக்கம் நிண்டு வாதாடின பேனலிலை இருந்தவ, 2020லை ஃபண்ட் பேனல் அட்டர்னிமாரை நிறுத்தினாப்பிறகு இந்தப் பக்கம் வந்தவ. எந்தப் பேப்பர் இல்லாட்டி அவங்கள் ஃபைலைத் திருப்பி அனுப்புவாங்கள் எண்டு மனப்பாடம். ஆகவே எதிர்ப் பக்கம் நிண்ட பின்னணி பெரிய பலம் எண்டது என் அனுபவத்திலை உண்மை.

ஃபீஸ் விசயமும் சொல்லவேணும். வெண்டால் மட்டும் காசு எண்டு எடுக்கிற கேஸுக்கு 1997ம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு, வழமையான ஃபீஸின் ரெண்டு மடங்கு, இல்லாட்டி கிடைக்கிற காசிலை 25 சதவீதம், ரெண்டிலை எது குறைவோ அதுக்கு மேலை எடுக்கக்கூடாது. அதைக் கையெழுத்துக்கு முதல் விளக்கிச் சொல்லாத ஆள் எவ்வளவு வருச அனுபவம் எண்டாலும் வேண்டாம்.

பைன்டவுன்_ரவுட்டர்

எல்லாரும் அந்த பிராசிக்யூட்டரை மறந்துட்டீங்களே. தினமும் கோர்ட்ல நின்னவர், சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்றதுல அவரை யாரும் அடிச்சுக்க முடியாது. எனக்கு அவர் மாதிரி ஆள்தான் வேணும், மத்தவங்க பேப்பர் புலி.

கோர்ட்_ஃபைல்_அக்கா

குறுக்கு விசாரணைல அவங்க கெட்டி, ஒத்துக்கிறேன். எழுந்து நின்னு பேசப் பயமே இருக்காது, சாட்சி எங்க தடுமாறுறான்னு மூஞ்சியைப் பாத்தே பிடிச்சிருவாங்க. ஆனா சிவில் கேஸ்ல அந்த நாள் வர்றதுக்கு முன்னாடியே பாதி முடிஞ்சிருது. ப்ளீடிங்ஸ் (ரெண்டு பக்கமும் கோர்ட்ல குடுக்கிற எழுத்து வாதம்) எப்படி எழுதினோம், டிஸ்கவரில (எதிராளிகிட்ட டாக்குமென்ட் கேக்குற கட்டம்) என்னென்ன டாக்குமென்ட் கேட்டோம், ப்ரீ ட்ரையல்ல (ட்ரையலுக்கு முன்னாடி நடக்குற கூட்டம்) எதை ஒத்துக்கிட்டோம் எதை மறுத்தோம், இதுலதான் கேஸ் நிக்கும். கிரிமினல்ல போலீஸ் டாக்கெட் (கேஸ் ஃபைல்) கட்டிக் கையில குடுத்துருவாங்க, சிவில்ல டாக்கெட்டை நாமளே கட்டணும். பிளீல (நம்ம எழுத்துப் பதில்) எழுதாத விஷயத்தை ட்ரையல்ல கேக்கப் போனா எதிர் பக்கம் உடனே எழுந்து அப்ஜெக்‌ஷன் சொல்லும்.

அதனால அவரை வேண்டாம்னு சொல்லல, தனியா வந்ததுக்கப்புறம் எத்தனை சிவில் கேஸை அவரே டிராஃப்ட் பண்ணி நடத்தினார்னு கேளுங்க. பிராசிக்யூட்டரா இருந்துட்டு ஒரு நல்ல சிவில் அட்டர்னிகிட்ட சில வருஷம் வேலை பாத்தவர்னா அது தங்கமான பின்னணி. சின்ன ட்ரையலுக்கு அவங்களை மாதிரி ஆள் கிடைக்கிறது அபூர்வம்.

வெருலம்_தாத்தா

பேப்பர் புலின்னு லேசா சொல்லாதீங்க தம்பி. காந்தி 1893ல இங்க வந்தது கோர்ட்ல முழங்குறதுக்கு இல்ல. தாதா அப்துல்லா கம்பெனியோட 40,000 பவுண்டு கேஸ், வாதாட வேற பெரிய வக்கீல்கள் இருந்தாங்க, இவர் அவங்களுக்கு விஷயத்தை எடுத்துக் குடுக்க வந்தவர். கேஸ் பூரா கணக்கு, இவருக்குக் கணக்கு எழுதவே தெரியாது, அதனால புக்கீப்பிங் புத்தகம் வாங்கிப் படிச்சார். கணக்கு புரிஞ்சதுக்கப்புறம்தான் நம்ம பக்கம் பலம்னு தெரிஞ்சுது, ஆனா கோர்ட்ல இழுத்தா ரெண்டு பேரும் அழிவாங்கன்னு மத்தியஸ்தத்துக்குக் கொண்டுபோனார். 37,000 பவுண்டும் செலவும்னு தீர்ப்பு வந்துச்சு, தோத்தவர் திவாலாகாம இருக்கத் தவணைல கட்டவும் ஏற்பாடு பண்ணினார். ரெண்டு பக்கமும் தலை நிமிந்து நடந்தாங்க.

அப்புறம் பாலசுந்தரம். நம்ம தமிழ் ஆள், ஒப்பந்தக் கூலி, முதலாளி அடிச்சு முன்பல் ரெண்டும் உடைஞ்சு ரத்தம் ஒழுக வந்தான், தலைப்பாகையைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு. காந்திக்குத் தமிழ் புரியாது, ஆஃபீஸ்ல இருந்த தமிழ் குமாஸ்தாதான் அவன் கதையைக் கேட்டுச் சொன்னார். உடனே டாக்டர்கிட்ட அனுப்பி காயத்துக்கு சர்டிஃபிகேட் வாங்கி, அந்தப் பேப்பரோட மாஜிஸ்ட்ரேட்கிட்ட போனார், சம்மன்ஸ் கிளம்புச்சு. அதைக் காட்டி முதலாளிகிட்ட பேசி, அவனை வேற இடத்துக்கு மாத்தி விட்டார். மொதல்ல டாக்டர் சர்டிஃபிகேட், அப்புறம் கோர்ட், இந்த வரிசையைப் பாருங்க. கோர்ட் வேலைல பழகினவனுக்கு இதுதான் மொதல்ல வரணும்.

ஆர்ட்டிகிள்ஸ்_சாட்ஸ்வொர்த்

தாத்தா, நவி பிள்ளை அவங்களையும் சொல்லணும், எனக்கு அவங்கதான் வழிகாட்டி. க்ளேர்வுட்ல பிறந்தவங்க, அப்பா பஸ் டிரைவர், ஊர்க்காரங்க காசு சேத்துப் படிக்க வச்சாங்க. 1965ல எல்எல்பி முடிச்சும் எந்த ஆஃபீஸும் வேலை தரல, வெள்ளைக்கார ஸ்டாஃப் ஒரு கறுப்புப் பொண்ணுகிட்ட ஆர்டர் வாங்க முடியாதுன்னாங்களாம். அதனால 1967ல சொந்தமா ஆஃபீஸ் திறந்தாங்க, நேட்டால்ல அப்படித் திறந்த மொத வெள்ளையர் அல்லாத பொண்ணு. ராபன் தீவு அரசியல் கைதிகள் வக்கீலைப் பாக்குற உரிமையை 1973ல கோர்ட்ல வாங்கிக் குடுத்தாங்க. ருவாண்டா ட்ரிப்யூனல்ல (அங்க நடந்த இனப்படுகொலையை விசாரிச்ச சர்வதேச கோர்ட்) 1998ல அக்காயேசு கேஸ் தீர்ப்பு குடுத்த ஜட்ஜுகள்ல அவங்களும் ஒருத்தர், பாலியல் வன்முறையும் இனப்படுகொலை ஆகும்னு அந்தத் தீர்ப்புலதான் முதல்ல சொன்னாங்க. பெரிய ஆஃபீஸ் பேர் அவங்க பின்னணில எங்கயும் கிடையாது, அதுக்காக அனுபவம் இல்லைன்னு சொல்ல முடியுமா? வெப்சைட்ல பெரிய பேர் இல்லாத அட்டர்னியை ஒதுக்கிடாதீங்க, நம்ம ஏரியால அந்த மாதிரி தலைமுறையே இருந்துச்சு, அவங்ககிட்ட ஆர்ட்டிகிள்ஸ் பண்ணினவங்க இன்னும் ப்ராக்டீஸ்ல இருக்காங்க.

பைன்டவுன்_ரவுட்டர்

சரி ஒரு கேள்வி, சொல்றது எல்லாம் நெசமான்னு எப்படித் தெரியும்? யாரும் தோத்த கேஸை வெப்சைட்ல போட மாட்டாங்க.

கோர்ட்_ஃபைல்_அக்கா

அதுக்கு வழி இருக்கு. சாஃப்லின்னு ஒரு இலவச வெப்சைட், தென்னாப்பிரிக்கா கோர்ட் தீர்ப்பெல்லாம் அதுல கிடைக்கும். அட்டர்னி ஆஃபீஸ் பேரைப் போட்டுத் தேடுங்க. தீர்ப்போட கடைசிப் பக்கத்துல யார் வாதாடினாங்க, யார் இன்ஸ்ட்ரக்ட் பண்ணினாங்கன்னு (எந்த அட்டர்னி கேஸைக் குடுத்தாங்கன்னு) பேர் இருக்கும். அதைப் படிச்சா எந்த மாதிரி கேஸ், ஜட்ஜ் பேப்பர் வேலையைப் பத்தி என்ன சொன்னார்னு தெரியும். சில தீர்ப்புல ஜட்ஜ் அட்டர்னியையே கண்டிச்சு எழுதியிருப்பார், டைமுக்கு ஃபைல் பண்ணலன்னு, அதையும் தேடிப் படிங்க. ஆனா பேர் வரலன்னா மோசமான ஆள்னு அர்த்தம் இல்ல, மாஜிஸ்ட்ரேட் கோர்ட் தீர்ப்பு பெரும்பாலும் அங்க ஏறாது, நல்லா செட்டில் பண்றவங்க பேரும் வராது.

இன்னொண்ணு, லீகல் ப்ராக்டீஸ் கவுன்சில்ல (வக்கீல்களைப் பதிவு பண்ற அமைப்பு) அவர் பேர் இருக்கான்னும், இந்த வருஷத்து ஃபிடிலிட்டி ஃபண்ட் சர்டிஃபிகேட் இருக்கான்னும் பாருங்க. அது வருஷாவருஷம் புதுசா வாங்கணும், டிசம்பர் 31ல முடிஞ்சுரும். டிரஸ்ட் அக்கவுண்ட்ல போட்ட காசை அட்டர்னி திருடினா அந்த ஃபண்ட்லேருந்து கேக்கலாம். 25 வருஷம் சுவத்துல ஃபிரேம் மாட்டியிருந்தாலும் இந்த வருஷத்து சர்டிஃபிகேட் இல்லன்னா ஒரு ராண்ட் குடுக்காதீங்க.

ரிச்மண்ட்_ஹில்

நடுவுல ஒரு விஷயம். என் மனைவி தமிழ்நாட்டுல பிஎல் முடிச்சு எட்டு வருஷம் ஜில்லா கோர்ட்ல ப்ராக்டீஸ் பண்ணினவங்க. இங்க அந்த அனுபவத்துக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

ஆர்ட்டிகிள்ஸ்_சாட்ஸ்வொர்த்

அண்ணா, இங்க அட்டர்னியா பதிவு ஆகணும்னா குடியுரிமை இல்ல நிரந்தரக் குடியிருப்பு அவசியம். லெசோத்தோ, ஜிம்பாப்வேக்காரங்க இதை எதிர்த்துப் போட்ட கேஸ்ல 2022ல கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் அந்த விதி செல்லும்னு சொல்லிருச்சு. நிரந்தரக் குடியிருப்பு இருந்தா வழி இருக்கு, ஆனா டிகிரி சமமானதான்னு பாப்பாங்க, இங்கத்து சட்டம் ரோமன் டச்சு வழி, படிக்க வேண்டியது நிறைய. அதுவரைக்கும் அட்டர்னி ஆஃபீஸ்ல பாராலீகலா சேரலாம், வொர்க் பெர்மிட் சரியா இருந்தா போதும். எட்டு வருஷம் சாட்சியைக் கேட்டுப் பழகினவங்களை என் பிரின்சிபல் மாதிரி ஆள் ரெண்டு கையாலயும் வாங்கிக்குவாங்க. டிஎம் பண்ணுங்க.

ஃபீனிக்ஸ்_கடை

எல்லாருக்கும் கோடி நன்றி. மூணு பேரையும் பாத்துட்டு வந்தேன். உம்ஹ்லாங்கால என் ஃபைலை யார் பாப்பாங்கன்னு கேட்டதுக்கு "எங்க டீம்"னு மட்டும் சொன்னார். பிராசிக்யூட்டரா இருந்தவர் நேர்மையா பேசினார், இது லீஸ் விஷயம், நான் அதிகம் தொட்டதில்ல, வேணும்னா ட்ரையல் நாளைக்குக் கூப்பிடுங்கன்னார், அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அந்த அம்மா அக்கா சொன்ன மாதிரியே, ஒப்பந்தத்தைப் புரட்டி டர்ன்ஓவர் என்னன்னுதான் மொதல்ல கேட்டாங்க. அப்புறம் எஸ்ஏடி 500. எனக்கு சிலிர்த்துப் போச்சு. அடுத்த வாரம் ஃபைல் கொண்டு வாங்கன்னாங்க.

இன்னொண்ணு, வியாழக்கிழமை ஷெரிஃப் வந்து சம்மன்ஸ் குடுத்துட்டுப் போனார், ரீஜினல் கோர்ட் ஸ்டாம்ப் இருக்கு. அதையும் அடுத்த வாரம் ஃபைலோட சேத்துக் குடுத்தாப் போதும்தானே?

கோர்ட்_ஃபைல்_அக்கா

போதாது தம்பி! அடுத்த வாரம் வரைக்கும் வைக்காதீங்க. சம்மன்ஸ் கையில வந்த நாளைக்கு அப்புறம் 10 கோர்ட் நாளைக்குள்ள எதிர்த்து வாதாடுறோம்னு நோட்டீஸ் ஃபைல் பண்ணணும், சனி ஞாயிறு பொது விடுமுறை கணக்குல வராது. அதை விட்டா அவங்க டீஃபால்ட் ஜட்ஜ்மென்ட் (நம்ம பதில் இல்லாமலே வர்ற தீர்ப்பு) கேப்பாங்க, அப்புறம் அதை ரத்து பண்ணத் தனி அப்ளிகேஷன், தனிச் செலவு. நோட்டீஸ் ஒரு பக்கம்தான், அந்த அம்மா ஒரு மணி நேரத்துல பண்ணிருவாங்க. அதுக்கப்புறம் 20 நாள்ல பிளீ, அதோட சேத்துதான் உங்க சரக்கு நஷ்டத்துக்கு கவுன்டர்க்ளெய்ம் (எதிர்க் கோரிக்கை) போடணும்.

இப்பவே சம்மன்ஸை எல்லாப் பக்கமும், ஷெரிஃப் தேதி போட்ட பக்கத்தையும் சேத்து ஸ்கேன் பண்ணி அவங்களுக்கு ஈமெயில் போடுங்க, போட்டுட்டு ஃபோனும் பண்ணுங்க. கூரையைப் பத்தி ஓனருக்கு அனுப்பின ஈமெயில் எல்லாத்தையும் தேதி வரிசையா ஒரே ஃபோல்டர்ல வைங்க. நனைஞ்ச புடவையை யார் கேட்டாலும் இப்ப விக்காதீங்க, தூக்கியும் போடாதீங்க.

ஃபீனிக்ஸ்_கடை

அனுப்பிட்டேன் அக்கா. அவங்களே திருப்பிக் கூப்பிட்டாங்க, நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க, மாண்டேட்ல (எனக்காக கேஸ் நடத்த அவங்களுக்குக் குடுக்கிற அனுமதி) கையெழுத்துப் போட்டதும் நோட்டீஸ் போயிருமாம். ஃபீஸ் எஸ்டிமேட்டும் எழுத்துல தர்றேன்னாங்க, நான் கேக்குறதுக்கு முன்னாடியே. புடவையை என் மனைவி இப்பதான் மூணு குவியலா பிரிச்சுக்கிட்டு இருக்கா, நம்பர் சீட்டு கட்டப் போறோம்.